குரோம் கழலும் இடம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உள்தெருக்களில் பவுடர் கோட்டிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் ஜன்னல் கிரில், பீரோ கதவு, மின்பெட்டி என்று வேலை ஓடிக்கொண்டிருக்கும். மோட்டார் சைக்கிளின் குரோம் பாகங்களை வாங்கி, குரோமைக் கழற்றி, கறுப்பாக்கித் தருகிறவர்கள் சிலர்தான். அப்படி ஒரு பட்டறையில் ஒரு பகல் முழுக்க நின்று பார்த்தேன்.

இந்த வேலைக்குச் சென்னை பொருத்தமான ஊர். 1955இல் மதராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்துத்தான் புல்லட் இங்கேயே தயாராகத் தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. அப்பா ஓட்டிய புல்லட்டைப் பிள்ளை எடுத்துப் புதுப்பிக்கும்போது ஹேண்டில்பார், லெக் கார்டு, ஹெட்லைட் வளையம் எல்லாவற்றையும் மேட் கறுப்பில் கேட்கிறான். ரசனை மாறியது மட்டும் காரணமில்லை. கடற்காற்று அடிக்கிற ஊரில் குரோம் அதிக நாள் தாங்குவதில்லை.

பளபளப்பைத் தருகிற குரோம் படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. இரும்பை உண்மையில் காப்பது அதற்கடியில் இருக்கும் நிக்கல். நிக்கலில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும் உப்பு ஈரம் உள்ளே இறங்கி, துரு மேலே கொப்புளமாகக் கிளம்பும். அதன் மேலேயே பவுடர் அடித்தால் நிற்காது. கொப்புளம் இல்லாத நல்ல குரோமிலும் நிற்பது கடினம். அந்த வழவழப்பில் பவுடருக்குப் பிடிமானம் கிடையாது. ஒரு கல் தெறித்தால் போதும், பட்டையாக உரிந்து வரும். எமரித் தாளால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு அடித்துக் கொடுக்கிற கடைகளும் உண்டு. டெலிவரி எடுக்கிற அன்று இரண்டு வேலைக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு மழைக்காலம் போனால் தெரியும்.

பட்டறையின் பின்கட்டில் ஆசிட் தொட்டி. ஹைட்ரோகுளோரிக் அமிலம், நீர் கலந்தது. அங்கே நிற்பவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பட்டறையில் எல்லோருக்கும் அவர் ‘அண்ணாச்சி’. ஒரு லெக் கார்டைக் கம்பியில் கட்டி மெதுவாக உள்ளே இறக்கினார். கொஞ்ச நேரத்தில் நுரை கிளம்பியது. இரும்பைச் சுற்றிப் பச்சை நிறம் திரிதிரியாகக் கரைந்து இறங்கியது. நீலம் கலந்த குரோமின் வெண்மை போய், லேசாக மஞ்சள் ஓடிய நிக்கல் தெரிய ஆரம்பித்தது.

“பச்சை விடுறது நின்னுச்சுன்னா குரோம் போயிடுச்சுன்னு அர்த்தம் சார். அதுக்கு மேல வச்சா இரும்பைத் தின்னுடும்” என்றபடி தூக்கி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். கடிகாரத்தை அவர் பார்க்கவே இல்லை. முழங்கை வரை ரப்பர் கையுறை இருந்தது. முகத்தில் கைக்குட்டை மட்டும். சிரித்தபோது முன்பற்கள் மழுங்கித் தேய்ந்திருந்தது தெரிந்தது. அமில ஆவியில் ஆண்டுக்கணக்காக நிற்பவர்களின் பல் எனாமல் அரிபடும் என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த செய்தி. அவரிடம் அதைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காஸ்டிக் சோடாக் கரைசலில் மின்சாரத்தைத் திருப்பி விட்டும் குரோமைக் கழற்றலாம். இரும்புக்குச் சேதம் குறைவு. ஆனால் அந்தத் தொட்டி மஞ்சளாக மாறும். அந்த மஞ்சள் ஆறு இணைதிறன் குரோமியம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட பொருள். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு அந்த வட்டாரத்து நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. பச்சைத் தண்ணீரின் நஞ்சு அதைவிடக் குறைவு, அவ்வளவுதான்; அதையும் சாக்கடையில் விடக் கூடாது. இந்தப் பட்டறையில் கழிவுநீரைப் பீப்பாயில் சேர்த்துச் சுத்திகரிப்புக்கு அனுப்புகிறார்கள். உரிமையாளர் ரசீதுகளை எடுத்துக் காட்டினார்.

குரோம் போன பிறகும் நிக்கல் இருக்கிறது. பவுடருக்கு முன் இரும்பைப் பாஸ்பேட் தொட்டியில் முக்குவது வழக்கம். நிக்கலில் பாஸ்பேட் சரியாக ஏறாது. அதனால் பிளாஸ்டிங். காற்றழுத்தத்தில் மணல் துகளை விசிறி, நிக்கலைச் சொரசொரப்பாக்கி, தூக்கிக்கொண்டு நிற்கிற இடங்களை முற்றாகப் பெயர்த்துவிட வேண்டும். இங்கே எதை விசிறுகிறார்கள் என்பது உயிர்ப் பிரச்சினை. ஆற்று மணலில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் சிலிகோசிஸ். பிரிட்டன் 1949லேயே வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணல் விசிறுவதைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. நம் ஊரில் இன்றும் திறந்தவெளியில், முகத்தில் துணி சுற்றிக்கொண்டு மணல் அடிக்கிறவர்களைப் பார்க்கலாம். இத்தனைக்கும் அதற்கு மாற்றான கார்னெட் மணல் நம் தூத்துக்குடி, திருநெல்வேலி கடற்கரைகளிலேயே கிடைத்த பொருள். இந்தப் பட்டறையில் கார்னெட்தான்; மூடிய பெட்டிக்குள் கையை விட்டு வேலை செய்கிறார், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர். வெளியே எடுத்த ஹேண்டில்பார் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. “இனிமே வெறும் கையால தொடாதீங்க சார். விரல் எண்ணெய் பட்டா அந்த இடம் விட்டுடும்” என்றார் அண்ணாச்சி.

துப்பாக்கி பிடிப்பவரின் வேலைதான் பார்க்க அழகு. பாகத்தை எர்த் செய்த கொக்கியில் மாட்டி, ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றிய பவுடரைத் தூவினால், கோலமாவு போன்ற அந்தத் தூள் வளைந்து போய்ப் பின்பக்கத்திலும் ஒட்டுகிறது. ஆனால் பற்றவைத்த மூலைகளுக்குள் நுழைய மறுக்கும். மின்புலம் விளிம்புகளிலேயே தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவர் வோல்ட்டைக் குறைத்து, காற்றையும் தணித்து, மூலைகளை முதலில் முடித்துவிட்டுத்தான் வெளிப்பக்கத்துக்கு வந்தார். மரை உள்ள துளைகளில் சிலிகோன் அடைப்பான். வெயிலில் நிற்கிற வண்டிக்குப் பாலியஸ்டர் பவுடர்தான். எபாக்ஸி வெயிலில் வெளுத்துப்போகும். பிறகு அடுப்பு. 200 டிகிரியில் பத்து நிமிடம், அதுவும் இரும்பு அந்தச் சூட்டை எட்டிய பிறகு கணக்கு. தூள் உருகி, ஓடி, இறுகி, ஆறும்போது 60 முதல் 80 மைக்ரான் வரை கனமான தோலாக நிற்கிறது.

சைலன்சரை அவர்கள் வாங்குவதில்லை. அதன் சூட்டைச் சாதாரண பவுடர் தாங்காது. பெட்ரோல் வாசனை மிச்சமிருக்கும் டேங்கை அடுப்புப் பக்கமே விடுவதில்லை.

விலை பேச வந்த ஒரு பையன், “பக்கத்துத் தெருவுல பாதி ரேட்டுக்குப் பண்றாங்கண்ணா” என்றான். உரிமையாளர் கோபப்படவில்லை. ஆசிட், கார்னெட், கழிவுநீர் லாரி என்று கணக்கைச் சொன்னார். பையன் யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டான். அந்தப் பாதி விலையில் விடுபடுவது பவுடர் அல்ல. பின்கட்டு வேலையும், அங்கே நிற்பவரின் பாதுகாப்பும்தான்.

உங்கள் வண்டிப் பாகத்தைக் கொடுக்கப் போகிறீர்களானால், நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் பின்கட்டைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். குரோமை எதில் கழற்றுகிறார்கள், எந்த மணலை விசிறுகிறார்கள், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது, தொட்டியருகே நிற்பவருக்கு அமில ஆவிக்கான முகமூடி இருக்கிறதா என்று விசாரியுங்கள். நான் போன பட்டறையில் இருந்த ஒரே குறை அந்த முகமூடிதான். உரிமையாளரிடம் சொன்னேன். வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.