ஆறு கட்டும் அணை

ஆறு தனக்குத் தானே அணை கட்டிக்கொள்ளும் நிலங்கள் உலகில் உண்டு. வடதிசை ஆறுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இவ்வியல்பே என்னை வியப்பில் ஆழ்த்துகிறது.

சைபீரியாவின் லீனா ஆறு தெற்கே பைக்கால் மலைப்பகுதியில் பிறந்து, நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி ஆர்க்டிக் பெருங்கடலில் கலக்கிறது. இளவேனில் அதன் தலைப்பகுதிக்கே முதலில் வருகிறது. அங்கே உருகிய வெள்ளம் வடக்கே விரையும்போது, கீழ்ப்பகுதி இன்னும் உறைந்து கிடக்கிறது. மிதந்துவரும் பனிப்பாளங்கள் வளைவுகளிலும் தீவுகளின் இடையிலும் சிக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிகின்றன. இதுவே பனித்தடை.

பனிக்கட்டியின் பெரும்பகுதி நீருள் மூழ்கியே இருக்கும். ஆகவே, தடையின் கரடுமுரடான அடிப்புறம் நீரோட்டத்தை மறிக்க, பின்னால் நீர்மட்டம் உயர்கிறது. தடைக்கும் படுகைக்கும் இடையே எஞ்சிய குறுகிய வழியில் நுழையும் நீரோ விரைவு மிகுந்து, அடிமணலை அரித்துப் பள்ளம் பறிக்கிறது. தடை உடைந்ததும் தேங்கிய நீர் பேரலையாய்ப் பாய, பனிப்பாளங்கள் கரைகளைச் சீவிச் செல்கின்றன.

2001ஆம் ஆண்டு மே மாதம் இத்தகைய வெள்ளம் லென்ஸ்க் நகரை மூழ்கடித்தது. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். பனியைத் தகர்க்க வானூர்திகள் ஆற்றின்மீது குண்டு வீசின. அம்மக்களின் துயரை எண்ணும்போது, பனித்தடை அழிவின் மறுபெயர் என்றே தோன்றும்.

ஆனால், கனடாவின் பீஸ்–அத்தபாஸ்கா டெல்டா என்னை வேறுவிதமாகவும் எண்ண வைக்கிறது. அங்குள்ள சிறு ஏரிகள் பல, ஆற்றுமட்டத்தைவிட உயரத்தில் அமைந்தவை. கோடை வெள்ளம் அவற்றை எட்டுவது அரிது. பனித்தடை உயர்த்தும் நீரே அவற்றை நிரப்பும். பீஸ் ஆற்றின் மேற்பகுதியில் எழுந்த பென்னட் அணையில் 1968 முதல் நீர் தேக்கப்பட்டது. 1974க்குப் பின் 1996 வரை டெல்டாவில் பெரிய பனித்தடை வெள்ளம் வரவில்லை. அணையோடு தட்பவெப்ப மாற்றமும் இதற்குக் காரணம் என்பர். ஏரிகள் வற்றின, அவற்றை நம்பிய நீர்வாழ் உயிர்கள் குறைந்தன, வேட்டையாலும் மீன்பிடிப்பாலும் வாழ்ந்த கிரீ, தெனே, மெட்டி மக்களின் வாழ்வு தளர்ந்தது.

ஒரே பனித்தடை லென்ஸ்க் மக்களின் வீட்டைப் பறித்தது. அது வாராமற்போனதால் டெல்டா மக்களின் ஏரிகள் வறண்டன. எனவே, வெள்ளத்தை நன்மை என்றோ தீமை என்றோ ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆறு பொங்கும் இடத்தில் வீடு கட்டுமுன்னும், அது பொங்காதவாறு அணை கட்டுமுன்னும், அந்நீரை யார், எவை நம்பி வாழ்கின்றன என்று கேட்டறிவது நம் கடமை.