மலை ஏற ஒரு பேண்ட்

ரெண்டு வாரமா நம்ம வீட்டுல ஒரே பேச்சு, பேண்ட்டைப் பத்தித்தான். நவம்பர்ல சந்தக்ஃபூ போறதுன்னு முடிவாயிடுச்சு. டார்ஜிலிங் மெயில்ல டிக்கெட்டும் போட்டாச்சு. ஆனா போட்டுக்கிட்டுப் போற பேண்ட் மட்டும் முடிவாகலை. "ஒரு பேண்ட் வாங்க இத்தனை ஆராய்ச்சியா? நம்ம கல்யாணத்துக்கே நீங்க இவ்வளவு யோசிக்கலையே"ன்னு தங்கமணி கேட்டாச்சு. கேட்டதோட சரி, மேல ஒண்ணும் சொல்லலை. காரணம் அவளுக்கும் தெரியும்.

முதல்ல ஊர்க்கதை. கொல்கத்தாக்காரங்களுக்கு மலைன்னா உசிரு. ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து சீட் தாதா (இங்கே தாதான்னா அண்ணன், பயந்துடாதீங்க) வருஷத்துக்கு ரெண்டு தடவை மூட்டை கட்டிடுவார். அக்டோபர் கடைசியிலேயே குரங்குக் குல்லா வந்துடும். வெலிங்டன் சதுக்கத்துல பூட்டியாக்காரங்க குளிர்காலத்துக்கு ஸ்வெட்டர் கடை விரிச்சா, பாதி ஊர் அங்கேதான். நானும் கோயமுத்தூர் ஆள். எங்கப்பா வெள்ளியங்கிரி ஏழு மலையையும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, மூங்கில் தடியோட, வெறுங்காலோட ஏறினவர். அவர் பிள்ளைக்கு மலை ஏற என்ன பெரிய தயாரிப்புன்னு ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் ஆபத்து.

2019 ஏப்ரல்ல நானும் பையனும் முதல் தடவை போனோம். அப்ப அவனுக்குப் பதினொரு வயசு. மானேபஞ்சாங்ல ஆரம்பிச்சு சுமார் 31 கிலோமீட்டர். சிங்கலிலா மலைமுகடு, ஒரு கால் இந்தியாவுல, ஒரு கால் நேபாளத்துல. வழியெல்லாம் ரோடோடெண்ட்ரான் செக்கச்செவேல்னு பூத்துக்கிடந்தது. ரெண்டு பேரும் ஜீன்ஸ். "ஜீன்ஸ்தாண்டா கெட்டித்துணி, குளிர் தாங்கும்"னு நான்தான் புதுசா வாங்கிப் போட்டு விட்டேன். கைடு ஜீன்ஸைப் பார்த்துட்டு ஏதோ சொல்ல வந்தார், நான் கண்டுக்கலை. அதோட, நடக்கச் சுலபமா இருக்கட்டும்னு மாத்துத்துணி இருந்த பையை எல்லாம் லேண்ட்ரோவர்ல மேலே அனுப்பிட்டேன். மகா புத்திசாலித்தனம்!

மூணாம் நாள் காலையில கைரிபாஸ்ல கிளம்பும்போது நல்ல வெயில். மதியம் காலிபோக்ரிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது இருட்டிக்கிட்டு வந்தது. முதல்ல ஆலங்கட்டி, அப்புறம் மழை, அப்புறம் காத்து. மேலே ரெயின்கோட் இருந்தது, இடுப்புக்குக் கீழே ஒண்ணும் இல்லை. பத்து நிமிஷத்துல ஜீன்ஸ் ஈரச்சாக்கு மாதிரி காலோட ஒட்டிக்கிச்சு. பையன் முதல்ல "குளுருதுப்பா"ன்னான். அப்புறம் பல்லு கிட்டிக்க நடுங்கினான். அப்புறம் நடுக்கம் நின்னுடுச்சு. "பரவாயில்லை, பழகிடுச்சு போல"ன்னு நான் நினைச்சேன். கேட்ட கேள்விக்குப் பதில் குழற ஆரம்பிச்சது. கைடு திரும்பிப் பார்த்தார். அதுவரைக்கும் "பிஸ்தாரை, பிஸ்தாரை" (மெதுவா, மெதுவா) சொல்லிக்கிட்டு வந்த மனுஷன், ஒரு வார்த்தை பேசாம அவனைத் தூக்கி முதுகுல போட்டுக்கிட்டு ஓட ஆரம்பிச்சார்.

காலிபோக்ரியில ஒரு டீக்கடை அடுப்பங்கரை. உள்ளே போனதும் அவர் செஞ்ச முதல் வேலை, அந்த ஜீன்ஸை உருவி எறிஞ்சது. கடைக்கார தீதி தன் கம்பளிக்குள்ள அவனைச் சுத்திப் பக்கத்துல படுத்துக்கிட்டாங்க. அரை மணி கழிச்சு மறுபடி நடுங்க ஆரம்பிச்சான். "நடுங்கறான்ல, இனிமே சரியாயிடும்"னார் கைடு. நடுக்கம் நல்ல அறிகுறி, அது நின்னு போறதுதான் மோசம்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். நாங்க சந்தக்ஃபூ பார்க்கலை. மறுநாள் ஜீப்புல இறங்கிட்டோம்.

அப்புறம் உக்காந்து படிச்சேன். காத்தை விடத் தண்ணி உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக் கடத்தும். பருத்தி தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும், விடாது. ஆயிரம் மீட்டர் ஏறினா சுமார் 6.5 டிகிரி குறையும். சந்தக்ஃபூ 3636 மீட்டர், அதனால கொல்கத்தாவை விட 23 டிகிரி கம்மி. அதுக்கு மேல காத்து வேற. அப்பாவோட வேட்டியும் பருத்திதானேன்னு கேட்பீங்க. மெல்லிசு, முழங்காலுக்கு மேல கட்டினது, நனைஞ்சாலும் சீக்கிரம் காயும், காலோட ஒட்டாது. அந்த மலைக்கு அது சரியான உடுப்பு. என் ஜீன்ஸ் எந்த மலைக்கும் சரியில்லை.

இந்தத் தடவை வாங்க நினைச்சது சாஃப்ட் ஷெல் பேண்ட். பேரைக் கேட்டு நண்டு ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை. நைலானோட கொஞ்சம் எலாஸ்டேன் சேர்த்து நெருக்கமா நெய்த துணி, அதுக்கு மேல தண்ணியை உருட்டி விடற ஒரு பூச்சு. காத்தைப் பெருமளவு தடுக்கும், தூறலைத் தாங்கும், வேர்வையை வெளியே விடும், சீக்கிரம் காயும். ஆனா கொட்டற மழைக்கு இது ஆகாது. அதுக்கு மழை பேண்ட் தனியா வேணும். முழு நேரமும் மழை பேண்ட்டையே போட்டுக்கிட்டு ஏறினா உள்ளே வேர்த்து, வெளியே நனையறதுக்குப் பதிலா உள்ளேயே நனைவோம்.

இதுவும் ஒண்ணும் புது யோசனை இல்லை. நெருக்கமா நெய்தா காத்து தடைப்படும், மூச்சும் விடும்னு தாமஸ் பர்பெரி 1879-லேயே கேபர்டீன் துணி கண்டுபிடிச்சார். 1924-ல டார்ஜிலிங்ல இருந்து எவரெஸ்டுக்குக் கிளம்பிப் போய்த் திரும்பாத மல்லோரி போட்டிருந்ததும் பட்டு, பருத்தி, கம்பளி அடுக்கு, வெளியே கேபர்டீன். அவர் உடல் 1999-ல கிடைச்ச பிறகு, அந்தத் துணிகளைப் பார்த்து அதே மாதிரி நெய்து தைச்சு, போட்டும் பார்த்தாங்க. எடை கம்மி, நடக்கச் சௌகரியம்னு தெரிஞ்சது.

கடையில மூணு பேண்ட் பார்த்தோம். ஒண்ணு உள்ளே ஃப்ளீஸ் வச்சது. தொட்டா சுகமா இருந்தது. ஆனா ஏத்தத்துல வெந்து போயிடுவோம், நனைஞ்சா காயவும் நேரமாகும். இன்னொண்ணு உள்ளே மெல்லிசா ஒரு சவ்வு வச்சது. காத்து சுத்தமா புகாது, வேர்வையும் அவ்வளவு சுலபமா போகாது. மூணாவது சவ்வும் இல்லாத, ஃப்ளீஸும் இல்லாத சாதா நெசவு. அதைத்தான் எடுத்தோம். ராத்திரிக் குளிருக்கு உள்ளே ஒரு தெர்மல் போட்டுக்கலாம், நடக்கும்போது கழட்டிடலாம். ட்ரையல் ரூம்ல நின்னு பார்த்தா மட்டும் போதாது. உக்காந்து எழுந்து பார்க்கணும், முட்டியை மார்பு வரைக்கும் தூக்கிப் பார்க்கணும். முட்டி மடிப்பும் தொடை இடுக்கும் பிடிக்கக் கூடாது. இடுப்புல தடிச்ச பெல்ட் வேண்டாம், பையோட இடுப்புப்பட்டை அதும் மேல உக்காந்து அழுத்தும். பாக்கெட்டுக்கு ஜிப் இருக்கணும். கணுக்கால்ல இறுக்கிக்க வசதி இருந்தா உத்தமம்.

வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல பரிசோதனை. பழைய ஜீன்ஸ், புது பேண்ட், ரெண்டையும் பக்கெட்ல முக்கிப் பிழிஞ்சு ஃபேனுக்குக் கீழே போட்டேன். புதுசு நாலு மணி நேரத்துல காய்ஞ்சுடுச்சு. ஜீன்ஸ் மறுநாள் காலையிலும் இடுப்புப் பக்கம் ஈரம். கொல்கத்தா காத்தைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே.

பூச்சு விஷயமா ஒண்ணு. பழைய பூச்சுகள்ல இருந்த பிஎஃப்ஏஎஸ் ரசாயனம் மண்ணுலயும் தண்ணியிலயும் அழியாம தங்கறதால, கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரியில இருந்து துணியில அதுக்குத் தடை. புதுப் பூச்சு அழுக்கும் எண்ணெயும் பட்டா சீக்கிரம் வேலை செய்யாது. அதனால அப்பப்ப துவைச்சு, லேபிள்ல போட்டிருக்கிற அளவுக்கு இளஞ்சூடு காட்டணும். துணியை மெதுவாக்கற கண்டிஷனர் மட்டும் கூடவே கூடாது.

பையன் இப்ப என்னை விட நாலு விரல் உயரம். அவனுக்கு நீளக்கால் சைஸ் தேட வேண்டியிருந்தது. பில் போடற இடத்துல நிக்கும்போது, "அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லப்பா, அந்த ஆன்ட்டி மேல வந்த புகை வாசனை மட்டும் இருக்கு"ன்னான். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குன்னு சொல்லலை. கார்டை நீட்டினேன்.

நேத்து ராத்திரி பை கட்டியாச்சு. மாத்து பேண்ட்டை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் காத்தை அமுக்கி, தங்கமணி எல்லாத்துக்கும் மேலே வச்சிருக்கா. இந்தத் தடவை அந்தப் பை ஜீப்புல போகாது. என் முதுகுலதான். காலிபோக்ரி தீதிக்கு லேக் மார்க்கெட்ல வாங்கின காப்பிப்பொடி ஒரு பொட்டலமும் அதுலயே இருக்கு.