குடியேறியவர் காத்த கதைகள்

1980களில் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த ஈழத்தமிழர், அந்நாட்டு மொழியில் கிழமைகளைக் கற்றபோதே, தம்மை அறியாமல் வட ஐரோப்பாவின் பழந்தெய்வங்களின் பெயர்களையும் கற்றனர். செவ்வாயைக் குறிக்கும் ‘தீர்ஸ்டாக்’ தீர் என்னும் போர்த்தெய்வத்தையும், புதனைக் குறிக்கும் ‘ஊன்ஸ்டாக்’ ஓடினையும், வியாழனைக் குறிக்கும் ‘தூர்ஸ்டாக்’ இடிக்குரிய தோரையும் தாங்கியவை. ஆயினும் அத்தெய்வங்களின் கதையை முழுமையாக அறிய விரும்புவோர் நாடவேண்டியவை நோர்வேயில் எழுந்த நூல்கள் அல்ல. 870 அளவில் தொடங்கி அங்கிருந்து கடல் கடந்து ஐஸ்லாந்தில் குடியேறியோரின் வழிவந்தவர்கள் எழுதிவைத்தவையே. தாயகத்தின் நினைவு எங்கே நெடுநாள் தங்கும் என்பதை அனுபவத்தால் அறிந்தவருக்கு இது வியப்பளிக்காது.

தொடங்கத் தக்க நூல், 1220 அளவில் ஸ்னொரி ஸ்துர்லுசொன் இயற்றிய உரைநடை எட்டா. பொன்னைச் ‘சிஃபின் கூந்தல்’ என்பதுபோலச் சுற்றிவளைத்துப் பெயரிடும் ‘கென்னிங்’ என்ற உத்தி பழம்பாடல்களில் மலிந்திருந்தமையால், தோரின் மனைவி சிஃபின் கூந்தலைக் குறும்புத் தெய்வமான லோகி வெட்டியதும் அதற்கு ஈடாகக் குள்ளர்கள் பொற்கூந்தல் செய்ததும் அறியாத இளங்கவிஞருக்கு உதவவே இக்கையேடு எழுந்தது. இதன் ‘கில்வகின்னிங்’ பகுதி, உலகத் தோற்றம் முதல் தெய்வங்களின் அழிவான ரக்னரொக் வரை வினாவிடையாக விரிவதால், முன்னுரையைத் தாண்டி இங்கே நுழைவதே எளிது. ஆனால் அம்முன்னுரைக்கும் பின்னர் திரும்பவேண்டும். ஐஸ்லாந்து கிறித்தவத்தை ஏற்று இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய ஸ்னொரி, முன்னோர் வணங்கியவர்களைத் தெய்வமென ஒப்பாமல், ட்ரோய் நகரிலிருந்து வடக்கே புலம்பெயர்ந்த ஆசிய மனிதர்கள் என்று அதில் விளக்குகிறார். வரலாறாக இது செல்லாது. குடியேறியோரின் வழித்தோன்றல் ஓடினையும் குடியேறியாக்கிய கற்பனை என்ற வகையில் சுவையானது.

அடுத்துப் படிக்கவேண்டியது, 1270களில் எழுதப்பட்ட ‘கோடெக்ஸ் ரேகியுஸ்’ என்னும் தோல் ஏட்டுச்சுவடியில் எஞ்சிய செய்யுள் எட்டா. 1662இல் டென்மார்க் மன்னருக்கு அனுப்பப்பட்ட இச்சுவடி, 1971இல்தான் ஐஸ்லாந்துக்கு மீண்டது. இதிலுள்ள ‘ஹாவமால்’, ஓடினின் அறிவுரைகளாக அமைந்த பாடல். குளிரில் விறைத்து வந்த விருந்தினருக்கு நெருப்பும் உணவும் உடையும் தரப் பணிக்கும் அதே பாடல், சற்றுப் பின்னர், பிறர் வீட்டில் நெடுநாள் தங்குபவர் வெறுப்புக்கு ஆளாவார் என்றும் எச்சரிக்கிறது. அவ்விரண்டாம் அறிவுரை நோர்வேயில் பிறந்தவர் காதில் விழுவதுபோல் வந்தேறியவர் காதில் விழுவதில்லை.