டவுனுக்குள்ள சைக்கிள்

எங்க ஊர்ல நான் சைக்கிள் ஓட்டுறதில்லை. வயலுக்குப் போக, உரமூட்டை ஏத்த, பால் கேன் கொண்டுபோக எல்லாத்துக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்தான். சைக்கிளை எடுக்குறது மதுரைக்கு வந்தா மட்டும். "டவுன்ல இருக்கவன் ஆசைக்குக் கிராமத்துல சைக்கிள் ஓட்டுவான், நீ என்னய்யா தலைகீழா இருக்க?"ன்னு சிரிக்கிறவங்க உண்டு.

சோழவந்தான் பக்கம் எங்க ஊரு. வாரம் ஒருநாளாவது மதுரையில ஒரு வேலை வந்துடும். மோட்டாருக்குக் காயில் கட்டணும், விதை வாங்கணும், பேங்க்ல கையெழுத்துப் போடணும். பஸ்ஸுல ஆரப்பாளையம் வந்து இறங்கினா அக்கா வீடு நடக்குற தூரம். மச்சான் மில்லு வேலைக்கு மிதிச்ச ஹெர்குலிஸ் சைக்கிள் அங்க மாடிப்படிக்கு அடியில நிக்கும். அவருக்கு முட்டிவலி வந்ததுல இருந்து அது என் பொறுப்பு. காத்தடிச்சு, சீட்டைத் துடைச்சுக் கிளம்பிட்டா அன்னைக்குப் பூரா மதுரை நம்ம ஊரு.

சைக்கிளுக்குன்னே அளந்து போட்ட மாதிரி இருக்கும் இந்த ஊரோட நடுப்பகுதி. கோயிலைச் சுத்தி சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, அதுக்கும் வெளியே வெளி வீதி. அந்தக் கடைசிச் சுத்துலதான் பழைய கோட்டைச் சுவரும் அகழியும் இருந்துச்சு. 1840-கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் காலத்துல சுவரை இடிச்சு, அகழியை மூடி வீதியாக்கினாங்க. அந்த வேலையைப் பாத்த மாரட் பேருலயும் பெருமாள் மேஸ்திரி பேருலயும் இன்னைக்கும் வீதி இருக்கு. கோட்டைக்குள்ள ஒரு ஊரே அடங்கியிருந்த இடம். சைக்கிளுக்கு அது ஒரு தூரமா? உடம்பு வேர்க்குறதுக்குள்ள போகவேண்டிய கடை வந்துடும்.

ஆனா எனக்கு ஓட்டுறதைவிடப் பிடிச்சது நிறுத்துறதுதான். காருக்கு இடம் தேடணும், பைக்குக்கு டோக்கன் போடணும். சைக்கிள்ல ஒரு காலை ஊனினா போதும். கீழமாசி வீதியில வத்தலும் மல்லியும் மூக்குல ஏறும். சாக்குல குத்திவெச்சிருக்க விலை அட்டையைப் பாத்துட்டு, எங்ககிட்ட என்ன விலைக்கு எடுத்தாங்கன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே நகருவேன். 1889-ல கட்டின ஏ.வி. பாலத்துல ஏறினா, ஓரமா ஒதுங்கி வைகையை எட்டிப் பாக்காம தாண்டினதில்லை. தண்ணி ஓடுதா, ஆகாயத்தாமரை கிடக்கா, மாடு மேயுதான்னு ஒரு நிமிசத்துல தெரிஞ்சுடும். தினமும் அதே பாலத்துல கார்ல போற என் மருமகன்கிட்ட ஆத்துல தண்ணி வருதாடான்னு கேட்டா, "கவனிக்கலையே மாமா"ம்பான்.

எல்லாமே சுகம்னு சொல்ல மாட்டேன். கோரிப்பாளையத்துல பஸ்காரர் பின்னாடி வந்து ஹாரன் அடிச்சா குலை நடுங்கும். ஒரு பெரிய துணிக்கடை வாசல்ல, "சைக்கிளையெல்லாம் அங்குட்டுப் போடுங்க, இங்க கஸ்டமர் வண்டி நிக்கணும்"னார் காவலுக்கு நின்னவர். பொண்ணுக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போன ஆளு நான். பேசாம அடுத்த கடைக்குப் போயி எடுத்தேன்.

போன மாசம் வேற ஒரு சிக்கல். அக்கா வீட்டு ஓனர், புதுசா குடிவந்தவங்க பைக் நிறுத்தணும், மாடிப்படிக்கு அடியை ஒழிச்சுக் குடுங்கன்னுட்டார். மருமகன், "எடைக்குப் போட்டுரலாம் மாமா, நீங்க வந்தா நான் ஆட்டோ புக் பண்றேன்"னான். பாசத்துலதான் சொன்னான். ஆனா ஆட்டோவுல போனா நான் இறங்குற இடம் மட்டும்தானே என் மதுரை?

வெளி வீதிப் பக்கம் ஒரு சந்துல மோட்டார் கட்டுற அண்ணன் ஒருத்தர் இருக்கார். முதல்ல அவர் கடைக்கு நான் வேலை குடுக்கப் போகலை. பக்கத்துல பருத்திப்பால் குடிக்க நின்னப்ப, உள்ள காயில் சுத்துற கையைப் பாத்து பேச்சுக் குடுத்தேன். இப்ப எங்க ஊர்ல பாதிப்பேரோட மோட்டார் அவர்கிட்டதான் வருது. அவர்கிட்ட இந்தச் சேதியைச் சொன்னேன். காயில்ல இருந்து கண்ணை எடுக்காமலே, "கடைக்குப் பின்னாடி இடம் சும்மாதான் கிடக்கு, கொண்டாந்து போடுங்கண்ணே"ன்னார்.

இனிமே ஆரப்பாளையத்துல இறங்கி இன்னொரு டவுன் பஸ் ஏறணும். ஏறிக்கலாம். நாத்து நட்டு முடிச்சதும் வந்து சைக்கிளை இடம் மாத்தணும். பின் டயரும் தேஞ்சுபோச்சு, அதையும் போட்டுடணும்.