புகையிரதம் ஏறுமுன்

கோடை விடுமுறை நெருங்கினால் ஐரோப்பாவில் வாழும் எமது குடும்பங்களில் பயணப் பேச்சுத் தொடங்கிவிடும். தங்கை பாரிஸில், சித்தப்பா லண்டனில், மச்சான் சுவிஸில் என்று ஒரே வீட்டார் நாலைந்து நாடுகளில் சிதறிக் கிடக்கிறோம். கலியாணவீடோ செத்தவீடோ, எல்லை தாண்டித்தான் போகவேண்டும். பிள்ளைகளோடும் பொதிகளோடும் போகிறவர்களுக்குப் புகையிரதம் நல்ல வசதி. ஆனால் ஊரில் யாழ்தேவிக்குச் சீட்டெடுத்த பழக்கம் இங்கே உதவாது.

ஊரில் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. இங்கே விரைவு வண்டிகளுக்கு மலிவுச் சீட்டுகள் ஓரளவுதான் விற்பார்கள். அவை முடிந்ததும் விலை ஏறும். ஆகவே முற்பதிவு செய்வது இலாபம். ஆனால் மலிவுக்கு ஒரு விலை உண்டு. யேர்மனியின் மலிவுச் சீட்டு குறித்த வண்டிக்கு மட்டுமே செல்லும். அதிலும் ஆக மலிவானதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற முடியாது. பிரான்சின் ரி.ஜி.வி. வண்டியில் ஆசனப் பதிவு இல்லாமல் ஏறவே இயலாது.

எமது பயணங்கள் பல பாரிஸ் வழியாகவே அமைகின்றன. அங்கே நிலையம் ஒன்றல்ல. சூரிச், ஜெனீவாவிலிருந்து வருபவர்கள் கார் து லியோனில் இறங்குவார்கள். பிராங்பேர்ட், ஸ்ருட்கார்ட் வண்டிகள் கார் து லெஸ்ற் வந்து சேரும். லண்டன் வண்டியோ கார் து நோரிலிருந்து புறப்படும். லெஸ்ற்றிலிருந்து நோருக்குப் பத்து நிமிட நடை. லியோனிலிருந்து போவதானால் நகர இரயில் பிடிக்க வேண்டும். இடையில் தாராளமாக நேரம் விட்டுப் பதியுங்கள். நேரம் மிஞ்சினால் கவலையில்லை. கார் து நோருக்குப் பக்கத்திலேயே லா சப்பல் இருக்கிறது. எமது கடைகளில் இடியப்பம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக வரலாம்.

லண்டன் பயணத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். 1994 நவம்பரில் ஓடத் தொடங்கிய யூரோஸ்டாரில் வண்டி ஏறுமுன்பே பிரெஞ்சு அதிகாரிகளும் பிரித்தானிய அதிகாரிகளும் பத்திரங்களைப் பார்த்துவிடுவார்கள். சாதாரண வகுப்புக்கு, புறப்பட அரை மணித்தியாலம் இருக்கும்போதே வாயில் மூடப்படும்.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட பயணப் பத்திரத்தை வைத்திருப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. வதிவிட உரிமையோடு அப்பத்திரமும் இருந்தால் ஷெங்கன் நாடுகளுக்குள் குறுகிய பயணம் போகலாம். பிரித்தானியா அந்த வட்டத்துக்குள் இல்லை. அகதிகளுக்கு விசா விலக்கு அளித்த 1959ஆம் ஆண்டு ஐரோப்பிய உடன்பாட்டை அது 2003இல் இடைநிறுத்தியது. ஆகவே விசா வேண்டும். யேர்மன், பிரெஞ்சு, சுவிஸ் கடவுச்சீட்டு உள்ளவர்களும் 2025 ஏப்ரல் முதல் இணையவழி முன்னனுமதி பெறவேண்டும். ஒரே குடும்பத்தில் தகப்பனிடம் அகதிப் பத்திரமும் பிள்ளையிடம் கடவுச்சீட்டும் இருப்பது எமக்குள் சாதாரணம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பாருங்கள். விசா கைக்கு வராமல் மலிவுச் சீட்டை வாங்கினால், கலியாணமும் தவறும், காசும் திரும்பாது.

பெயரிலும் சிக்கல் வரும். எமது வழக்கில் தகப்பன் பெயர் முன்னால் வரும்; இங்கத்தைய பத்திரங்களிலோ எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்று மாறிக் கிடக்கும். பத்திரத்தில் எந்த ஒழுங்கில், எந்த எழுத்தில் இருக்கிறதோ அப்படியே சீட்டிலும் எழுதுங்கள்.

முடிந்தவரை முழுப் பயணத்துக்கும் ஒரே சீட்டாக வாங்குங்கள். முதல் வண்டி தாமதித்து அடுத்தது தவறினால், ஒரே சீட்டு வைத்திருப்பவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணித்தியாலத் தாமதத்துக்குக் கட்டணத்தின் 25 வீதமும், இரண்டு மணித்தியாலத்துக்கு 50 வீதமும் பொதுவாகக் கேட்டுப் பெறலாம். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

ஷெங்கனுக்குள் போனாலும் பத்திரங்களைக் கையிலேயே வைத்திருங்கள். யேர்மனி 2024 செப்ரெம்பரில் தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையைக் கொண்டுவந்தது.

முதலில் பத்திரம், பிறகு விசா, அதன்பின் பயணச்சீட்டு. இந்த ஒழுங்கு மாறாதிருந்தால் உறவுகளைக் காணப் போகும் பயணம் நிம்மதியாக அமையும்.