கைப்பிடியின் உயரம்

மிதிவண்டிக்கென்று தனி விசை கிடையாது. ஏறி அமர்பவரின் உடம்பே அதற்குப் பொறி. இரண்டும் பொருந்தாதபோது வண்டி ஒன்றும் சொல்வதில்லை, உடம்புதான் சொல்கிறது. மணிக்கட்டு கடுக்கும், பிடரி இறுகும், சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். உள்ளங்கையின் ஓரமாக அவ்விரு விரல்களுக்கும் செல்லும் நரம்பு, கைப்பிடியின்மேல் உடற்பாரம் சாயும்போது நசுங்குவதால் வரும் மரப்பு அது. இவற்றையெல்லாம் வண்டி ஓட்டுவதால் வரும் களைப்பு என்று எண்ணிப் பொறுத்துக்கொள்வோரே மிகுதி.

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தை அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்தேன். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாவதற்கு முன்பே அங்குப் பணியில் சேர்ந்தவன் நான். ஆண்டுதோறும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் நாள், பள்ளிக்குத் திருநாள் போலிருக்கும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்காக 2001-02இல் தொடங்கிய திட்டம், பின்னர் மற்ற மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. மாணவியர்க்கு ஒருவகை, மாணவர்க்கு ஒருவகை என வண்டிகள் வரிசையாக நிற்கும். எதிரே நிற்கும் பிள்ளைகளோ நான்கரை அடி முதல் ஆறடி வரை.

பிறருக்கென அமைந்த வண்டியில் ஏறிப் பழகுவது நம் நாட்டில் புதிதன்று. இருக்கை எட்டாத சிறுவர் குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுத்தான் ஓட்டக் கற்றனர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றபோது, பெண்களுக்கான வண்டி போதாமல் ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். குழந்தையை அமர்த்தக் குறுக்குக் கம்பி உதவுகிறது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. அத்தகைய துணிவு போற்றத்தக்கது. ஆயினும் நாள்தோறும் பத்துக் கல் ஓட்ட வேண்டியவர்க்குத் துணிவு மட்டும் போதாது.

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். ஐந்து கல் தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து வருபவள். வண்டி பெற்ற மூன்றாம் வாரமே அதைத் திண்ணையில் சாத்திவிட்டுப் பேருந்துக்கு மாறினாள். அந்தப் பேருந்து வந்து சேரும்போது முதல் பாடவேளை பாதி கடந்திருக்கும். அப்பாடவேளை கணக்கு. தோளும் கழுத்தும் தூங்கவிடாமல் வலிக்கின்றன என்றாள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும், படிப்பை நிறுத்திவிடலாமா என்று அவள் தந்தை என்னிடமே வந்து கேட்டார். வண்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். அவள் உயரத்திற்கு இருக்கையைத் தாழ்த்திய யாரோ, கைப்பிடியை இருந்தபடியே விட்டிருந்தார். முழங்கைகள் தோளுக்கு நிகராக உயர, கொடிக்கம்பியைப் பிடித்துத் தொங்குபவள்போல அவள் வண்டியோட்டியிருக்கிறாள்.

கடைத்தெரு வேப்பமரத்தடியில் வண்டி பழுதுபார்க்கும் முதியவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. "ஏம்மா, தெனம் எந்த வழியா வர? மேடு இருக்கா, எறக்கமா?" என்று கேட்டார். அதன்பின் அவளை இருக்கையில் அமரவைத்து, குதிகாலைப் பெடலில் ஊன்றச் சொன்னார். பெடல் அடியில் நிற்கையில் கால் மடங்காமல் நேராக நின்றது. "சீட்டு சரி. இனிமேதான் ஹேண்டில்."

கைப்பிடியைத் தாங்கும் தண்டு, முன் கவையின் குழலுக்குள் இறங்கி நிற்கிறது. தண்டின் அடிமுனையில் ஓர் ஆப்பு. உச்சியிலிருந்து அதுவரை நீண்டதொரு போல்ட். போல்ட்டை முறுக்கினால் ஆப்பு மேலேறித் தண்டைக் குழலின் சுவரோடு இறுக்கும். முதியவர் போல்ட்டை மூன்று சுற்றுத் தளர்த்தினார். அதன் தலைமேல் மரக்கட்டையை வைத்து ஓர் அடி அடித்தார். உள்ளே ஆப்பு விடுபட்ட ஓசை கேட்டது. தண்டை ஈரங்குலம் தாழ்த்தி, சக்கரத்திற்கு நேராக்கி முறுக்கினார். முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே கவ்விக்கொண்டு கைப்பிடியைத் திருகிப் பார்த்தார், அசையவில்லை. அவள் வண்டி கம்பிப் பிரேக் உடையது. கைப்பிடி இறங்கினால் கம்பியும் இறங்கும். பிரேக் கட்டை ரிம்மைவிட்டு விலகிப்போகும். அதையும் சரிசெய்த பிறகே ஓட்டவிட்டார். கைப்பிடியைத் தாழ்த்தும் பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

மாணவர்களின் குறை வேறுவகை. திரைப்படத்தில் கண்ட மோட்டார் சைக்கிளைப்போலக் கைப்பிடியை வானளாவ உயர்த்தச் சொல்வார்கள். ஒருவன் வற்புறுத்தியபோது முதியவர் தண்டை முழுவதும் உருவி அவன் கையில் கொடுத்தார். அடியிலிருந்து இரண்டரை அங்குலத்திற்குச் சற்று மேலே ஒரு கோடு பொறித்திருந்தது. அக்கோடு வெளியே தெரியும்படி உயர்த்தலாகாது. குழலுக்குள் பிடிமானம் குறைந்த தண்டு, பள்ளத்தில் ஒருமுறை குதித்தாலும் முறியக்கூடும், பிடுங்கிக்கொள்ளவும் கூடும். அப்போது கைப்பிடி கையில் இருக்கும். சக்கரத்திற்கும் அதற்கும் உறவிராது. வெள்ளிமலைச் சாலையின் வளைவுகளில் அது நேர்ந்தால் என்னவாகும் என்பதை அவன் ஊகித்துக்கொண்டான்.

வழியைக் கேட்டதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. மலையிலிருந்து இறங்கும்போது உடல் தானாகவே முன்னோக்கிச் சரியும். கைப்பிடி தாழ்ந்திருந்தால் பாரமெல்லாம் கைகளிலும் முன் சக்கரத்திலும் விழும். அந்நிலையில் முன் பிரேக்கை அழுத்தினால் பின் சக்கரம் தரையை விடும். ஆகவே இறக்கத்திற்குச் சற்று உயர்ந்த கைப்பிடி நல்லது. ஏற்றத்திலோ அதே உயரம் முன் சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து வண்டியை அலையவிடும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சமவெளியில், கரும்புக் கொல்லைகளுக்கு இடையே ஆடிக்காற்றை எதிர்த்து ஓட்டுபவர்க்கு நிமிர்ந்த நெஞ்சே பாய்மரமாகிவிடும். அவர் கொஞ்சம் குனிவதே நலம். மலைப்பிள்ளைகள் ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள் என்பதால், அவர்களுக்கு முதியவர் இறக்கத்தை மட்டும் எண்ணி உயரம் வைப்பார். இக்கணக்கை எந்த ஏட்டிலும் அவர் படித்தவரல்லர்.

அம்மாணவி மறுநாள் முதல் மணிக்கு முன்பே வகுப்பில் இருந்தாள். மேல்நிலைத் தேர்வில் தேறிக் கல்லூரி விடுதிக்குச் சென்றபோது, வண்டி ஒன்பதாம் வகுப்பிலிருந்த அவள் தம்பிக்கு வந்தது. அவன் அக்காளைவிட உயரம். முதியவர் போல்ட்டைத் தளர்த்தித் தண்டை மேலே இழுத்தார். இரண்டாண்டு வெயிலும் மழையும் கழுத்தோரத்தில் மெல்லிய துருவளையம் ஒன்றை வரைந்திருந்தன. அவ்வளையம் நான்கு விரற்கடை மேலேறி வந்தது. அதற்குக் கீழே தண்டு புதிதாய்ப் பளபளத்தது. பொறித்த கோடு தென்படவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிரேக் கம்பியின் திருகைத் தளர்த்தக் குனிந்தார்.