நோன்பும் தைரொக்சின் குளிசையும்

நோன்பு வந்ததும் பாண்டிருப்பு, மருதமுனைப் பக்கம் நம் உம்மாமார் சிலர் தைரொக்சின் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். "நிறுத்தியும் ஒண்டும் செய்யல்லையே" என்பார்கள்.

ஏன் செய்யவில்லை? அந்தக் குளிசை உடம்பில் ஒரு சேமிப்பு. ஈரல், சிறுநீரகம் போன்றவை அதன் 4 அயடீனில் ஒன்றைக் கழற்றித்தான் வேலைசெய்யும் ஹோர்மோனாக மாற்றுகின்றன. இரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் செல்லும். பிறகுதான் சோர்வும் மலச்சிக்கலும் மெல்ல வரும். வீட்டில் அதை நோன்புக் களைப்பு என்பார்கள்.

நிறுத்தத் தேவையில்லை. சஹருக்கு அரை மணி முன், அல்லது கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி கழித்துப் படுக்கும்போது, வெறும் தண்ணீரோடு குடிக்கலாம். பிளேன்டீயோடு வேண்டாம். இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணி இடைவெளி விடுவோம். எந்த நேரம் பொருந்தும் என்று நோன்புக்கு முன்பே கிளினிக்கில் கேட்டுவைப்போம்.